'அனுதினமும்' என்ற ஒரு சொல்லை நான் படிக்காமல் விட்டேன்

2021 செப்டம்பரில் ஓர் இரவு, பர்மாவில், முன்பு ரங்கூன் என்று அழைத்த யாங்கோன் நகரின் தாமுவே பகுதியில் நாங்கள் குடியிருக்கும் நான்காம் மாடி வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நின்றேன். என்னிடம் இருந்த எல்லாவற்றையும் ஆண்டவருக்குக் கொடுத்துவிடுவதாகப் பொருத்தனை செய்தேன். அந்த ஓர் இரவுக்குப் பின்னால் நான் இழந்தது, விட்ட சம்பளத்தையும் சேர்த்தால், எங்கள் ஊர்ப் பணத்தில் ஒன்றேகால் கோடி கியாட்டுக்கும் மேல். பதினான்கு மாதம் வேலை இல்லை. உயிரும் போகப் பார்த்தது. இவற்றையெல்லாம் விட எனக்கு வலித்தது வேறு: எந்த வாஞ்சையால் அந்தப் பொருத்தனையைச் செய்தேனோ, அந்த வாஞ்சையே வற்றிப்போனது. அது எப்படிப் போனது, எப்படித் திரும்பி வந்தது என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு யாராவது என் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கக் கூடாதா என்று பலநாள் ஏங்கியிருக்கிறேன். நிறுத்துவதற்கு நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை என்பதும் உண்மை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நடந்தது விளங்கும். பயின்னவுங் மொத்தச் சந்தையில் பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறவன் நான். உளுந்தும் பச்சைப்பயறும் துவரையும் அங்கிருந்து மூட்டை மூட்டையாகத் துறைமுகத்துக்குப் போகும், பெரும்பகுதி இந்தியாவுக்கு. எங்கள் குடும்பம் பர்மாவில் நான்காம் தலைமுறை. 1964-இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோது உறவினரில் பலர் கப்பலேறிவிட்டார்கள், தாத்தா ஏறவில்லை. பள்ளியில் படித்ததெல்லாம் பர்மிய மொழி. தமிழ் எழுத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவை பாட்டியின் வேதாகமமும் ஞாயிறு பள்ளியும்தான். ஆகையால் வேதாகமத்தில் ஒரு சொல்லைத் தவறவிட்டேன் என்று நான் சொன்னால், எழுத்துக்கூட்டிப் படித்த முதல் புத்தகத்திலேயே தவறவிட்டேன் என்று பொருள்.

2021 எங்களுக்கு எப்படிப்பட்ட ஆண்டு என்று பர்மாவில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிப்ரவரி முதல் தேதி ஆட்சி கவிழ்ந்தது. வங்கிகள் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தன. திறந்த பிறகும் பணம் எடுக்க அளவு வைத்தார்கள், விடியற்காலையிலேயே போய் வரிசையில் நின்றோம். ஜூலையில் கொரோனாவின் மூன்றாவது அலை வந்தது. என் அண்ணனுக்காக ஆக்சிஜன் உருளையைத் தோளில் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் வரிசையில் நின்றேன். உருளை நிறைந்து நான் வீடு திரும்பியபோது அண்ணன் இல்லை. அடக்கத்துக்கு ஐந்து பேர்கூட வர முடியவில்லை, ஒரு பாட்டுக்கூடப் பாடவில்லை. அன்றிலிருந்து எனக்கு உள்ளே ஒரு தாகம். மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல என்று 42-ஆம் சங்கீதம் சொல்கிறதே, அதைச் சிறுவயதில் மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறேன். கதறல் என்றால் என்ன என்று அந்த ஆடி மழையில்தான் தெரிந்தது. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: அந்த வாஞ்சை பொய்யானது இல்லை. பின்னால் நடந்த தவறுகளை வைத்துக்கொண்டு, "அது வெறும் துக்கம், வெறும் உணர்ச்சி" என்று சிலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. தாகம் மெய்தான். அதைக் கொண்டு எங்கே போவது என்பதில்தான் தடுமாறினேன்.

சபைக்குப் போக முடியாத காலம் அது. கைப்பேசியில் இரவுதோறும் ஒரு ஜெபக் கூட்டம் நடந்தது. அதை நடத்தியவரின் பெயரோ ஊரோ இங்கே வேண்டாம். அவர்மேல் வழக்குப் போட நான் எழுதவில்லை. "பாதி கொடுத்தவனுக்குப் பாதி ஆசீர்வாதம், முழுதும் கொடுத்தவனுக்கே முழு ஆசீர்வாதம்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்வார். ஆனால் வேதாகமத்தில் வரும் வரி வசூலிப்பவனான சகேயு தன் ஆஸ்தியில் பாதியைத்தான் ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னான். அந்த வீட்டுக்கு அன்றைக்கே இரட்சிப்பு வந்தது என்று ஆண்டவர் சொன்னார். லூக்கா பத்தொன்பதாம் அதிகாரம், ஞாயிறு பள்ளியில் நடித்துக்கூடக் காட்டியிருக்கிறோம். அந்த இரவுகளில் அது என் நினைவுக்கே வரவில்லை. துக்கத்தில் இருப்பவனின் காது ஒரு குரலைத்தான் கேட்கும்.

வங்கியில் 38 லட்சம் கியாட் வைத்திருந்தேன். எடுக்க முடியாது, ஆனால் கைப்பேசி வழியாக அந்தக் கூட்டத்துக்கு அனுப்ப முடியும். எப்படியும் கைக்கு வராத பணம் என்று மனம் ஏற்கெனவே முடிவு கட்டியிருந்ததால், அனுப்புவது எளிதாக இருந்தது. அதோடு நிற்கவில்லை. மனைவியின் இரண்டு தங்க வளையல்களை விற்று 16 லட்சம் சேர்த்தேன். அவள் கழற்றிக் கொடுத்தாள், ஒரு சொல் சொல்லவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். வருடங்கள் கழித்து அவள் சொன்னாள்: "வேண்டாம் என்றால் விசுவாசம் இல்லாதவள் என்று சொல்வீர்கள் என்று பயந்தேன்."

இந்த இடத்தில் நின்று நாலு வார்த்தை சொல்ல வேண்டும். கூட்டம் முடிந்த சூட்டில் பணத்தை அனுப்பாதீர்கள். ஒரு மாதம் கழியட்டும். ஆண்டவர் கேட்டது உண்மையானால் ஒரு மாதத்துக்குப் பிறகும் கேட்பார். அனுப்பும் எண் ஒரு தனி மனிதரின் கணக்கா, சபைக் கணக்கா என்று பாருங்கள். வரவு செலவை ஆண்டுக்கு ஒரு முறையாவது சபையார் முன் படிக்கிறார்களா என்று கேளுங்கள். கணக்குக் கேட்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுங்கள். முப்பது வருடம் கணக்கு எழுதியவன் சொல்கிறேன், நேர்மையானவருக்குப் பேரேட்டைத் திறந்து காட்டுவதில் தயக்கம் இருக்காது. விசனமாயும் அல்ல, கட்டாயமாயும் அல்ல என்று பவுல் எழுதியதை வீட்டில் எல்லாரும் கேட்கும்படி சத்தமாக வாசித்துவிட்டு, பிறகு மனைவியிடமோ கணவரிடமோ கேளுங்கள். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் காணிக்கை என்று சொல்லி ஒதுக்கியவர்களை ஆண்டவர் எப்படிக் கண்டித்தார் என்பது மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இருக்கிறது. மருந்துச் செலவுக்கும் பிள்ளையின் படிப்புக்கும் வைத்திருந்ததைத் தொடும் முன் அதையும் வாசியுங்கள்.

அந்த மாதக் கடைசியிலேயே வேலையை விட்டேன். முழுநேர ஊழியத்துக்குப் போகிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன். கணக்கைக்கூட முடித்துக் கொடுக்கவில்லை. பிறகு என்னை நானே வெட்டத் தொடங்கினேன். எதன்மேலெல்லாம் விருப்பம் இருக்கிறதோ அதெல்லாம் தேவனுக்கும் எனக்கும் இடையில் நிற்கும் சுவர் என்று தோன்றியது. காலையில் மொஹிங்கா என்னும் மீன்குழம்பு நூடுல்ஸ் சாப்பிடப் பிடிக்கும், நிறுத்தினேன். மகளோடு மாலையில் கண்டோஜி ஏரிக்கரைக்கு நடப்பது பிடிக்கும், நிறுத்தினேன். தமிழ் ஆராதனையில் இருபது ஆண்டாக நான்தான் ஆர்மோனியம் வாசித்துவந்தேன்; கீர்த்தனை வாசிக்கும்போது உள்ளே எழும் சந்தோஷம் என் பெருமை என்று முடிவு செய்து, பெட்டியைப் பூட்டிச் சாவியை மச்சான் வீட்டில் கொடுத்துவிட்டேன். எங்கள் படிக்கட்டில் எட்டு வீடுகள், ஆறில் பௌத்தர்கள். ஆசையே துன்பத்தின் வேர் என்பது அவர்கள் சமயத்தின் அடிப்படைப் போதனை, பள்ளிக்காலம் முதல் என் காதில் விழுந்துகொண்டே இருப்பது. அவர்களுக்கு அதைச் சுற்றி ஒரு முழு வழி இருக்கிறது, தியானமும் ஒழுக்கமும் இருக்கின்றன. நானோ அந்த வழியில் நடக்கிறவனும் இல்லை. அதிலிருந்து ஒரு சொல்லை மட்டும் அறியாமலே பிய்த்து எடுத்து என் சிலுவையோடு கட்டிக்கொண்டேன்.

நவம்பரில் 21 நாள் உபவாசம், தண்ணீர் மட்டும். யாருக்கும் சொல்லவில்லை. உபவாசிக்கும்போது மனுஷர் காண வேண்டாம் என்று மத்தேயு ஆறாம் அதிகாரம் சொல்வதால் மருத்துவரிடமும் சொல்லக் கூடாது என்று எண்ணிக்கொண்டேன். பத்தாம் நாளுக்குமேல் பசி தெரியவில்லை, அதை ஆவிக்குரிய வெற்றி என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். மகள் அறைக்குள் வந்து ஏதோ கேட்டபோது, ஜெபத்தைக் கெடுக்கிறாய் என்று கத்தினேன். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. இருபத்திரண்டாம் நாள் பகலில் ஒரு தட்டு டான்பவுக், எங்கள் ஊர் பிரியாணி, வாங்கிச் சாப்பிட்டேன், வெற்றி விருந்தாக. அன்று இரவே நெஞ்சு படபடத்து, கைகால் மரத்து, படிக்கட்டில் விழுந்தேன். மேல் வீட்டுப் பௌத்தப் பெரியவரும் அவர் மகனும் என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

நீண்ட பட்டினிக்குப் பிறகு சோறும் இனிப்பும் ஒரேயடியாக உள்ளே போனால், இரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம் போன்ற உப்புகள் சட்டென்று இறங்கிவிடும், இதயத் துடிப்பே தடுமாறி ஆள் இறந்துபோகலாம் என்று மருத்துவர் விளக்கினார். பட்டினி கிடந்ததை விட அதை முடித்த விதம்தான் உங்களைக் கொல்லப் பார்த்தது என்றார். ஒன்பது நாள் படுக்கை, 9 லட்சம் கியாட். உபவாசம் இருக்க விரும்புகிறவர்கள் இதைக் கேளுங்கள். ஒரு வேளையில் தொடங்குங்கள். சர்க்கரை நோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட இருக்க வேண்டாம். பல நாள் உபவாசம் என்றால் மருத்துவருக்கும் வீட்டாருக்கும் சபையில் ஒருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்தரங்கம் என்று ஆண்டவர் சொன்னது மாயக்காரரைப்போல ஊருக்குக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதை. முடிக்கும்போது கஞ்சித் தண்ணீரில் ஆரம்பித்து, மருத்துவர் சொல்கிறபடி பல நாளில் மெதுவாகச் சோற்றுக்கு வாருங்கள். உபவாசத்தின் மூன்றாம் நாளில் வீட்டில் இருப்பவர்களிடம் உங்கள் குரல் உயர்ந்தால், அன்றைக்கே நிறுத்திவிட்டு அவர்களிடம் மன்னிப்புக் கேளுங்கள். ஏசாயா 58-ஆம் அதிகாரம் இதைப் பற்றியும் பேசுகிறது.

2022 பிறந்தபோது எனக்குள் ஒன்றுமே இல்லை. இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. துக்கம் இருந்தால் அழலாம், கோபம் இருந்தால் கத்தலாம். நான் வேதாகமத்தைத் திறந்தால் அச்செழுத்து தெரிந்தது, அவ்வளவுதான். விருப்பங்களைக் கொன்றால் தேவன்மேல் உள்ள விருப்பம் மட்டும் தனியாக நின்று கொழுந்துவிட்டு எரியும் என்று நம்பியிருந்தேன். நடந்தது நேர்மாறு. ஒரே வேரில் வளர்ந்தவை போலும். வேரை வெட்டினேன், எல்லாம் காய்ந்தது. கைப்பேசிக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, "இன்னும் எதையோ ஒளித்துவைத்திருக்கிறாய்" என்று பதில் வந்தது. ஒளித்துவைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. கைப்பேசியை அணைத்துவிட்டேன், பிறகு அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. மனைவி பக்கத்துத் தெருவில் துணி தைத்துக் குடும்பத்தை ஓட்டினாள். சபையாரைப் பார்க்க வெட்கமாக இருந்ததால் யார் வந்தாலும் தூங்குவதுபோலப் படுத்துக்கொள்வேன். அந்த மாதங்களைப் பற்றி இதற்குமேல் எழுத என்னால் முடியவில்லை.

2022 அக்டோபரில் வேலை ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க, பர்மாவின் இன்னொரு நகரமான மோல்மீனுக்குப் பஸ் ஏறினேன். அங்கே என் பெரியம்மா தனியாக இருக்கிறார். கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர், எண்பதை நெருங்கியவர். போன மறுநாள் காலையில் அவர் வாசற்படியில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்து, "ஆண்டவரே, இன்றைக்கு இது" என்று சொல்லிவிட்டு எதையோ முணுமுணுத்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. எழுந்து அடுப்பு மூட்டப் போய்விட்டார். மூன்று நாள் பார்த்தேன். நான்காம் நாள் கேட்டேன்: "பெரியம்மா, தினமும் என்ன கொடுக்கிறீர்கள்?" "எது கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அதைத்தான். நேற்று வாடகைப் பணம் பற்றிய கவலை. இன்றைக்கு உன்மேல் இருக்கிற கோபம்" என்றார். நடந்த எல்லாவற்றையும் அன்றைக்குத்தான் முதல் முறையாக ஒருவரிடம் சொன்னேன். அவர் பணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆர்மோனியத்தைப் பற்றிக் கேட்டார். "அதை ஆண்டவர் கேட்டாரா, நீயாகக் கொடுத்தாயா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பெரியம்மா உள்ளே போய்த் தன் திருவிவிலியத்தை எடுத்துவந்து லூக்கா ஒன்பதாம் அதிகாரம் 23-ஆம் வசனத்தை வாசிக்கச் சொன்னார். பாட்டியின் வேதாகமத்தில் அந்த வசனம் எனக்கு மனப்பாடம்: "ஒருவன் என் பின்னே வர விரும்பினால் அவன் தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு, என்னைப் பின்பற்றக்கடவன்." ஓராண்டாக நான் 'வெறுத்து' என்ற சொல்லிலேயே நின்றிருந்தேன். பெரியம்மாவின் பொது மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் 'தன்னலம் துறந்து' என்று இருந்தது. பிறகு எங்கள் சபைப் போதகரிடம் கேட்டபோது, மூலக் கிரேக்கத்தில் அது மறுதலிப்பதைக் குறிக்கும் சொல், பேதுரு ஆண்டவரை அறியேன் என்று மறுதலித்த இடத்திலும் அதுவே வருகிறது என்று விளக்கினார். என்னை நானே அடித்து நொறுக்கச் சொன்ன வசனம் இல்லை அது. 'என் விருப்பப்படியே எல்லாம் நடக்க வேண்டும்' என்று உள்ளே ஒருவன் உட்கார்ந்து அதட்டுகிறானே, அவனைப் பார்த்து "உன்னை அறியேன்" என்று சொல்வது. அடுத்து, 'அனுதினமும்'. மத்தேயுவிலும் மாற்கிலும் இதே வசனம் உண்டு, ஆனால் இந்தச் சொல் லூக்காவில் மட்டுமே இருக்கிறது. இத்தனை வருடம் ஒப்பித்தும் அது என் காதில் ஏறியதில்லை. வசனம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்: 'வர விரும்பினால்'. விருப்பத்தைக் கொல் என்று சொல்ல வந்தவர் விருப்பத்திலிருந்தா ஆரம்பிப்பார்? பெரியம்மாவின் வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். பத்து மாதத்துக்குப் பிறகு வந்த முதல் அழுகை.

அன்று மாலை, 1827-இல் அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் தொடங்கிய பாப்டிஸ்ட் ஆலயம்வரை நடந்தேன். பர்மாவில் வளர்ந்த கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு ஜட்சன் கதை தெரியும்: 1813-இல் ரங்கூனில் வந்து இறங்கியது, ஆறு ஆண்டு கழித்து முதல் ஞானஸ்நானம், அன்றைய தலைநகரமான ஆவாவில் சிறை. ஆனால் நடுவில் ஒரு பகுதியை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நான் பெரியவனானபின் படித்தது. 1826-இல் மனைவி ஆனும் அடுத்த ஆண்டு குழந்தையும் இறந்தபின், அவர் தன் சொந்தச் சேமிப்பை மிஷனுக்கு எழுதிக்கொடுத்தார், கௌரவப் பட்டத்தைத் துறந்தார், மோல்மீன் காட்டில் குடிசை போட்டுக்கொண்டு தனக்கென்று ஒரு குழியை வெட்டி அதன் கரையில் உட்கார்ந்திருந்தார். தேவனை நம்புகிறேன், ஆனால் அவரைக் கண்டடைய முடியவில்லை என்று அந்த நாட்களில் எழுதினார். அவரோடு என்னை ஒப்பிட எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் அந்த ஊரில் நின்றபோது என் நெஞ்சை அடைத்த பயம் கொஞ்சம் விலகியது. அவர் அந்தக் குழியிலிருந்து எழுந்து வந்தார். கரேன் இன மக்களின் கிராமங்களுக்கு நடந்தார். பிறகு ஓர் அறையில் உட்கார்ந்து பழைய ஏற்பாட்டை நாளுக்குச் சுமார் 25, 30 வசனம் என்று பர்மிய மொழியில் பெயர்த்தார். 1834 ஜனவரியில் முழு வேதாகமமும் முடிந்தது. என் பௌத்த அண்டை வீட்டாரின் மொழியில் இன்றைக்கும் சபைகளில் வாசிக்கப்படுவது அந்த மொழிபெயர்ப்புதான். நாளுக்கு 25 வசனம். ஒரே இரவில் எல்லாவற்றையும் முடித்துவிட நினைத்தவனுக்கு அந்த எண்ணிக்கை பெரிய ஆறுதல்.

என் பொருத்தனையை அப்போதுதான் அதன் உண்மையான முகத்தோடு பார்த்தேன். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொடுத்தது, தினமும் கொடுப்பதிலிருந்து தப்பிக்கத்தான். மண்டியில் ஆண்டுக் கணக்கை மார்ச்சில் முடிக்கிறோம்; ஆனால் தினப்பேரேடு எழுதாதவன் மார்ச்சில் எதை வைத்து முடிப்பான்? 54 லட்சம் கொடுத்தேன், என் கோபத்தைக் கொடுக்கவில்லை. வேலையைக் கொடுத்தேன், நான் மற்றவர்களைவிடப் பெரிய விசுவாசி என்ற எண்ணத்தைக் கொடுக்கவில்லை. அண்ணனைக் காப்பாற்றாத தேவன்மேல் இருந்த மனக்கசப்பைக் கொடுக்கவே இல்லை, அது இருப்பதையே சொல்லவில்லை. வனாந்தரத்தில் அன்றன்றைக்குக் கிடைத்த மன்னா என்னும் உணவை மறுநாளுக்கு எடுத்துவைத்தவர்களுக்கு அது பூச்சி பிடித்து நாறியது என்று யாத்திராகமம் சொல்கிறது. நேற்றைய ஒப்புக்கொடுத்தலும் அப்படித்தான் என்று இப்போது தெரிகிறது.

நான் என்ன செய்கிறேன் என்று பலர் கேட்கிறார்கள், ஆகவே சொல்கிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு சின்னக் குறிப்பேடு. காலையில் பத்து நிமிடம். ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசிக்கிறேன், பிறகு கையில் எது ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கேட்டு ஒரே ஒரு சொல்லை எழுதுகிறேன்: 'வாடகை', 'மச்சான் சொன்ன வார்த்தை', 'மகளின் தேர்வு', 'எனக்குக் கிடைக்காத பாராட்டு'. உள்ளங்கையை விரித்து அதைச் சொல்லி ஒப்புவிக்கிறேன். பொதுவாக 'என் பாவங்கள்', 'என் வாழ்க்கை' என்று எழுதாதீர்கள். பெயர் இல்லாத சரக்கைக் கணக்கில் ஏற்ற முடியாது. இரவில் படுக்கும்முன் அந்தச் சொல்லை மறுபடி பார்க்கிறேன். பல நாளில் பகல் பதினொரு மணிக்கே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டிருப்பேன். அதையும் அப்படியே எழுதிவைக்கிறேன், மறுநாள் அதையே மறுபடி கொடுக்கிறேன். 'வளையல்' என்ற சொல் என் ஏட்டில் முப்பது நாற்பது முறை இருக்கும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தினமும் எடுத்துக்கொள் என்று சொன்னவருக்கு அது தினமும் கீழே விழும் என்று தெரியாதா?

எந்த நேரம் என்பதில் பிடிவாதம் வேண்டாம். எங்களுக்கு மின்சாரம் முறைவைத்து வருகிறது. அதிகாலை ஐந்து மணிக்கு வந்தால் வீட்டில் எல்லாரும் எழுந்து ஓட வேண்டும்: தண்ணீர் மோட்டார், அரிசி, இஸ்திரி. முன்பு அந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபித்திருப்பேன். இப்போது மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டு, தொட்டி நிறையும்வரை அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஜெபிக்கிறேன். தொட்டி நிறையப் பன்னிரண்டு நிமிடம். போதுகிறது.

விருப்பங்களை இப்போது வெட்டுவதில்லை, கொண்டுவந்து முன்னால் வைக்கிறேன். ஆர்மோனியத்தை மச்சான் வீட்டிலிருந்து கொண்டுவந்தபோது துருத்தியில் எலி கடித்திருந்தது, சரிசெய்ய 80,000 கியாட் ஆனது. முதல் ஞாயிறு கீர்த்தனை வாசிக்கும்போது அந்தப் பழைய சந்தோஷம் எழுந்தது. அதை அடக்காமல், இதுவும் உம்முடையது என்று உள்ளே சொன்னேன். அன்றைக்குத்தான் வாஞ்சை எனக்குத் திரும்பி வரத் தொடங்கியது என்று நினைக்கிறேன், சரியாக நாள் குறிக்க முடியவில்லை. வற்றிப்போன காலத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: வாஞ்சை இல்லை என்றால் இல்லை என்றே ஆண்டவரிடம் சொல்லுங்கள். வாஞ்சையையே கேளுங்கள். இருப்பதுபோல நடிப்பதில்தான் பாதி உயிர் போகிறது. அந்த நாட்களில் தனியாக இருக்க வேண்டாம். பாடுகிறவர்கள் நடுவில் பேசாமல் உட்கார்ந்திருந்தால்கூடப் போதும், உங்களுக்குப் பதிலாக அவர்கள் பாடுவார்கள். வளர்ச்சியை அழுகையாலோ சிலிர்ப்பாலோ அளக்காதீர்கள். வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். போன கிறிஸ்மஸுக்கு மகள், "அப்பா, நீங்கள் ஜெபம் செய்யும்போது இப்போது பயமாக இல்லை" என்றாள். இத்தனை வருடக் குறிப்பேடுகளையும் அந்த ஒரு வரிக்கு ஈடாக வைக்க மாட்டேன்.

பணம் திரும்பவில்லை. ஒரு முறை கேட்டு எழுதினேன், பதில் இல்லை, பிறகு விட்டுவிட்டேன். விடுவதற்கும் பல காலைகள் ஆயின. 2022 டிசம்பரில் வேறொரு மண்டியில் முன்னதைவிடக் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தேன். வளையலுக்கென்று மாதம் 30,000 கியாட் ஒதுக்குகிறேன். தங்கம் ஏறுகிற வேகத்துக்கு அது எட்டாது என்று மனைவிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் மாதாமாதம் அந்த டப்பாவில் அவளே எண்ணி வைக்கிறாள். வியாழக்கிழமை மாலைகளில் சபையில் மூன்று பேர் உட்கார்ந்து, அந்த வாரத்தில் கையில் ஒட்டிக்கொண்டிருந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். ஒருவர் பொருத்தனை செய்ய நினைத்தால் மற்ற இருவரும் சம்மதிக்காமல் செய்வதில்லை என்று பேசிவைத்திருக்கிறோம்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. 2021-இல் கணக்கை முடிக்காமல் நான் விட்டுவந்த அந்தப் பழைய முதலாளி. உளுந்து ஏற்றுமதி நேரத்தில் பேரேட்டைத் திறந்தபடி போட்டுவிட்டு வந்தேன். அவருக்கு என்ன நஷ்டம் ஆயிற்று என்று கேட்கக்கூட எனக்குத் துணிவு வரவில்லை. அதே சந்தையில்தான் இருக்கிறார், இரண்டு வரிசை தள்ளி. எதிரில் வந்தால் நான் மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுகிறேன். இத்தனை வருடக் குறிப்பேட்டிலும் அவர் பெயரை நான் ஒரு நாள்கூட எழுதியதில்லை என்பது, இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் கண்ணில் படுகிறது. நாளைக் காலை மோட்டார் ஓடும்போது அவர் பெயரைத்தான் எழுதப்போகிறேன்.